கன்டெய்னர் கூடுது, கூலி வேலை குறையுதே?

ஏற்றுமதி இறக்குமதியால் வரும் வேலை, போகும் வேலை பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

எங்கள் தாத்தாவும் அப்பாவும் ஹார்பரில் மூட்டை இறக்கியவர்கள். இப்போது சரக்கு பல மடங்கு கூடிவிட்டது என்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் ஹார்பர் வேலைக்குப் போகிற ஆள் ஒருவர்கூட இல்லை. சரக்கு கூடினால் வேலையும் கூட வேண்டாமா?
– வாசகர், ராயபுரம்

கூட வேண்டும் என்பது மூட்டைக் காலத்துக் கணக்கு. 50 கிலோ மூட்டை 500 சேர்ந்தால் 25 டன். அதைக் கப்பலின் அடியறையிலிருந்து எடுக்க, உள்ளே சிலிங் எனும் தூக்கு வலையில் அடுக்குகிற ஒரு கும்பல், வின்ச் ஓட்டுபவர், மேலிருந்து கை காட்டுபவர், கரையில் பிரித்து ஷெட்டுக்குச் சுமக்கிற இன்னொரு கும்பல், எண்ணி எழுதுகிற டாலி கிளார்க் என்று வரிசையாக ஆள் வேண்டும். அதே 25 டன் இன்று ஒரே ஒரு 20 அடிப் பெட்டி. கரையோரக் கிரேன் மணிக்கு 25 முதல் 30 பெட்டி தூக்கும். உங்கள் அப்பாவின் கும்பல் பாதி நாள் பார்த்த வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது. 2001-ல் அதை நடத்தும் பொறுப்பு தனியாரிடம் போனது. 2009-ல் இரண்டாவது முனையம் வந்தது. கரி, தாது போல மூட்டையில்லாமல் குவியலாக வரும் சரக்கிலும் இதே கதைதான். தூசு காரணமாக நிலக்கரியையும் இரும்புத் தாதையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்காரர்களின் நுரையீரலுக்கு அது நல்ல தீர்ப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கரியை நம்பியிருந்த லாரி, ஷாவல், லோடு வேலையும் கூடவே போனது. எண்ணூரில் அனல் மின் நிலையக் கரியைக் கன்வேயர் பெல்ட் எடுத்துச் செல்கிறது. அங்கேயே உள்ள காமராஜர் துறைமுகத்தில் கார் ஏற்றுமதியைப் பாருங்கள்: கார்களை ஒவ்வொன்றாகக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே வேனில் திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கில் கார் போனாலும் துறைமுகத்தில் அதற்குத் தேவை சில பத்துப் பேர். அந்த ஏற்றுமதி தந்த வேலை ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறது, ராயபுரத்தில் இல்லை.

பெட்டிக்குள் இருப்பதை எங்காவது ஏற்றி இறக்கத்தானே வேண்டும்? அந்த வேலை மாதவரம், மணலி, செங்குன்றம், பொன்னேரி நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள சரக்கு நிலையங்களுக்குப் போனது. சி.எஃப்.எஸ். என்று சொல்வார்களே, அவைதான். 40 அடிப் பெட்டியில் அட்டைப் பெட்டிகள் வந்தால் ஆறேழு லோடு மேன் இரண்டு மூன்று மணி நேரம் இறக்குவார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பெட்டியைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுநர், சர்வேயர், காலிப் பெட்டி யார்டில் நசுங்கலைத் தட்டி வெல்டிங் வைப்பவர் என்று கிளை வேலைகளும் உண்டு.

2016-க்குப் பிறகு இதிலும் ஒரு கத்தி விழுந்தது. டி.பி.டி. எனப்படும் நேரடி டெலிவரி முறையில் இறக்குமதிப் பெட்டி சி.எஃப்.எஸ். பக்கமே வராமல் துறைமுகத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. செலவும் நாளும் மிச்சம் என்பதால் பெரிய இறக்குமதியாளர்கள் அதை விடமாட்டார்கள். பெட்டி முழுவதும் ஒரே முதலாளியின் சரக்காக இருந்தால்தான் இந்த வசதி பயன்படும். பலருடைய சரக்கு கலந்து வரும் எல்.சி.எல். பெட்டியை எங்காவது திறந்து பிரித்தே ஆக வேண்டும். ஆகவே வேலை தேடுபவர் எந்த சி.எஃப்.எஸ்.ஸில் எல்.சி.எல். சரக்கு அதிகம் வருகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். வெறும் லோடு மேனாக நிற்பதைவிட ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிச் சான்றோடு நிற்பது மேல். டிரெய்லர் ஓட்டுபவர் என்றால், அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கான 3 நாள் பயிற்சியை முடித்து லைசென்சில் பதிந்துகொண்டால் மணலி ரசாயன லோடும் கிடைக்கும். டிரெய்லருக்குக் கூலி டிரிப் கணக்கில். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நின்றால் டிரிப் குறையும், டிரைவர் பேட்டாவும் குறையும். ஏற்றுமதி கூடுகிற மாதத்தில் நெரிசலும் கூடுவதால் அதே மாதத்தில் டிரைவரின் வருமானம் இறங்குகிற வேடிக்கையும் உண்டு.

இன்னொன்று. பெட்டிக் கதவில் பூச்சி கொல்ல நச்சுப் புகை போட்டதற்கான எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தால் உடனே உள்ளே ஏறாதீர்கள். மெத்தில் புரோமைடும் பாஸ்பீனும் ஆளைக் கொல்லும் வாயுக்கள். இரண்டு கதவையும் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, பொறுப்பாளர் வாயு அளவு பார்த்துச் சொன்ன பிறகுதான் உள்ளே ஏற வேண்டும். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி.

டி-ஷர்ட் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் வேலை செய்கிறேன். அமெரிக்கா போட்ட வரியை அங்கே இறக்குமதி செய்பவர்தானே கட்டுகிறார்? பிறகு எங்கள் பீஸ் ரேட்டில் ஏன் கை வைக்கிறார்கள்?
– வாசகி, கொடுங்கையூர்

சுங்கத்தில் பணம் கட்டுவது அவர்தான். யார் தலையில் இறங்குகிறது என்பதைப் பேரம் தீர்மானிக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம்.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரியே 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியச் சரக்குக்கு அதன்மேல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25 சதவீதம் சேர்த்தார்கள். அப்போது பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அந்த விகிதத்தில் 5 டாலர் டி-ஷர்ட் இந்தியாவிலிருந்து போனால், கப்பல் கூலி நீங்கலாக, 8.33 டாலர் ஆகிறது. பங்களாதேஷிலிருந்து போனால் 6.83 டாலர். இந்தியச் சரக்கும் 6.83-லேயே இறங்க வேண்டுமானால் நம் விலை 4.10 ஆக வேண்டும். 90 சென்ட் குறைவு. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 79 ரூபாய். அதன் பிறகு வரி விகிதம் எத்தனை முறை மாறினாலும் கணக்குப் போடுகிற முறை இதுதான்.

5 டாலர் என்பது 440 ரூபாய். அதில் துணிக்கு 240, பட்டன், லேபிள், பாலிபேக்குக்கு 40, வெட்டித் தைத்து அயர்ன் செய்ய 90, வட்டி, போக்குவரத்து, அலுவலகச் செலவுக்கு 45, லாபம் 25 என்று வைத்துக்கொள்வோம். 79 ரூபாயை எங்கே குறைப்பது? லாபம் முழுவதையும் விட்டாலும் இன்னும் 54 பாக்கி. துணி விலை நூல் விலையோடு ஏறி இறங்குவது. ஏற்றுமதியாளர் சொன்னால் இறங்காது. வட்டி வங்கிக்கு. மிஞ்சுவது அந்த 90 மட்டுமே. யூனிட் முதலாளி வாடகையையும் கரண்ட் பில்லையும் குறைக்க முடியாது. அதனால் ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின் தையலின் பீஸ் ரேட்டில் கை வைக்கிறார். 90-லிருந்து 54 எடுத்தால் யூனிட்டே நிற்காது என்பதால் பெரும்பாலும் நடப்பது வேறு: ஏற்றுமதியாளர் கொஞ்சம், வாங்குபவர் கொஞ்சம், தையல்காரர் கொஞ்சம் என்று பிரியும். பேரம் பேச வலுவில்லாதவருக்குப் போகிற துண்டு, அவர் வாங்குகிற கூலியோடு ஒப்பிட்டால், எப்போதும் பெரியது.

ஒரு செய்தி வந்து உங்கள் மிஷினுக்கு அது எட்ட நாலைந்து மாதம் ஆகும். கோடைக்கால உடுப்புக்கான ஆர்டர் முந்தைய இலையுதிர் காலத்திலேயே பேசி முடிகிறது. வரி அறிவித்த மாதத்தில் யூனிட்டில் ஓவர்டைம்கூட ஓடலாம், காரணம் வரி வருமுன் சரக்கை அனுப்பிவிடும் அவசரம். அந்த ஓவர்டைமை நம்பிச் சீட்டு கட்டாதீர்கள். பேக்கிங் டேபிளில் விலை ஸ்டிக்கரைப் பாருங்கள். டாலரா, பவுண்டா, யூரோவா என்று தெரிந்தால் யூனிட் எந்தச் சந்தையை நம்பியிருக்கிறது என்று புரியும். ஒரே நாட்டு ஸ்டிக்கர் மட்டும் வருகிற யூனிட்டில் ஆபத்து அதிகம். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே இந்திய உடுப்புக்கு இருந்த 12 சதவீதம் வரையிலான வரியை நீக்குவது. அங்கே ஆர்டர் பிடிக்கிற யூனிட்டுக்கு அதனால் மூச்சு விட இடம் உண்டு.

"எக்ஸ்போர்ட் ஆர்டர் நின்னுபோச்சு, நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டார்கள். 7 வருடம் வேலை பார்த்தேன். கேட்க உரிமை உண்டா?
– வாசகி, வியாசர்பாடி

உண்டு. ஆர்டர் நின்றது உங்கள் தவறில்லை. சட்டத்தில் இது ஆட்குறைப்பு. முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. கிராஜுவிட்டி தனி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமும் 5 வருட சர்வீஸும் இருந்தால் மாதச் சம்பளம் × 15 ÷ 26 × வருடம். சம்பளம் 13,000 என்றால் 7 வருடத்துக்கு 52,500 ரூபாய். பீஸ் ரேட் என்பதால் கிடையாது என்று சொன்னால் நம்பாதீர்கள். கடைசி 3 மாத வருமானச் சராசரியில் கணக்கிட வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால், வேலை இழந்தவருக்குச் சராசரி தினக் கூலியில் பாதியை 90 நாள் வரை தருகிற அடல் பீமித் திட்டம் இருக்கிறது. அது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம். கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையை விசாரித்து உடனே எழுதிக் கொடுங்கள்.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, ஆதாரம் இல்லாததால். ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். யு.ஏ.என்., சம்பளம் வந்த வங்கி வரவு அல்லது ஜி-பே பதிவு, வருகை அட்டையின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "நானாக ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஆட்குறைப்புப் பணம் போய்விடும்.

டாலர் ஏறினால் ஏற்றுமதிக்கு லாபம், வேலையும் பெருகும் என்கிறார்களே?
– வாசகர், தண்டையார்பேட்டை

பாதி உண்மை. உள்ளூர்ப் பருத்தியில் தைத்து அனுப்புபவருக்கு லாபம். உதிரி பாகம், பிளாஸ்டிக் குருணை, கச்சா எண்ணெய் இறக்குமதி செய்து பொருள் செய்பவருக்குச் செலவும் சேர்ந்து ஏறும். வெளிநாட்டு வாங்குபவரும் டாலர் விலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ரூபாய் சரிந்த மறு சீசனில் அதைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்வார்.

காசிமேட்டில் விசைப்படகில் போகிறேன். அமெரிக்கா இறாலுக்கு வரி போட்டால் நாங்கள் பிடிக்கிற இறால் விலையும் இறங்குகிறது. கடல் இறாலை அவர்கள் வாங்குவதே இல்லை என்கிறார் ஏஜென்ட். எது சரி?
– வாசகர், காசிமேடு

இரண்டும் சரி. கடல் ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லாததால், இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை 2019 முதல் அமெரிக்கா எடுப்பதில்லை. அங்கே போவது பண்ணையில் வளர்த்த வனாமி. அந்த வனாமிக்கு, முன்பே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரிக்கும் (மலிவாகக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுப்பது) மானிய எதிர் வரிக்கும் (அரசு மானியத்தை ஈடுகட்டுவது) மேல் 2025-ல் புது வரி ஏறியபோது, ஆந்திரப் பண்ணைச் சரக்கு வேறு நாடுகளுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் திரும்பியது. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற உங்கள் கடல் இறால் அதே வாங்குபவரிடம் அதனோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் உங்களுக்குப் போடாத வரி உங்கள் ஏலத்தில் தெரிகிறது.

பங்குக் கூலியில் அடி பெரிதாக விழுவதற்குக் காரணம் இது. ஒரு டிரிப்பில் மீன் 3 லட்சத்துக்கு விற்று, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 2 லட்சம் போனால் பிரிக்க 1 லட்சம் மிச்சம். விலை 10 சதவீதம் இறங்கினால் விற்பனை 2.70 லட்சம், செலவு அதே 2 லட்சம், பிரிக்க 70,000. விலை 10 இறங்க, உங்கள் பங்கு 30 இறங்குகிறது. கரையில் தலை கிள்ளி உரிக்கும் பெண்களுக்குக் கிலோ கூலி உடனே குறையாது. அவர்களுக்கு வேலை நாள் குறையும்.

ஆமைக் கருவி பொருத்தினால் இறாலும் தப்பிவிடும் என்ற பயம் படகுக்காரர்களிடம் இருக்கிறது. கம்பி இடைவெளியும் பொருத்தும் கோணமும் பிசகினால் அது உண்மையும்கூட. சரியாகப் பொருத்தினால் இழப்பு சிறிது. ஆனால் ஒரு படகு மட்டும் மாட்டிப் பயனில்லை. நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் அமெரிக்கா அனுமதி தரும் என்பதால் மாட்டிய படகுக்கும் மாட்டாத படகுக்கும் இன்று ஒரே விலை. இது சங்கம் வழியாகவும் அரசு வழியாகவும் பேச வேண்டிய விஷயம். ஐரோப்பாவுக்குப் போகிற கணவாய்க்கும் மீனுக்கும் 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். படகுப் பதிவு எண்ணும் பிடித்த நாளும் தவறாக எழுதப்பட்டால் முழு லாட்டும் திரும்பி வரும். ஏஜென்ட் எழுதுகிற சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மணலி ரசாயன ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மெத்தை ஃபோமுக்கான பாலியால் இறக்குமதி மலிவாக வருவதால் ஷிஃப்ட் குறைத்துவிட்டார்கள். தடுப்பு வரி போடச் சொல்லி யூனியன் மனு கொடுக்கலாமா?
– வாசகர், மணலி

மனு உற்பத்தியாளர்தான் கொடுக்க வேண்டும், டெல்லியில் வர்த்தக அமைச்சகத்தின் டி.ஜி.டி.ஆர். அமைப்பிடம். உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் வைத்திருப்பவர்கள் ஆதரிக்க வேண்டும். கருத்துச் சொன்ன உற்பத்தியாளர்களில் எதிர்ப்பவரைவிட ஆதரிப்பவரின் உற்பத்தி அதிகமாக இருக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியவை மூன்று: தன் நாட்டில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இங்கே அனுப்புகிறார்கள், இங்குள்ள ஆலைக்குப் பாதிப்பு, அந்தப் பாதிப்புக்கு இறக்குமதியே காரணம். மூன்றாவதில்தான் மனுக்கள் இடறுகின்றன. அந்த வருடம் ஆலை மராமத்துக்காக இரண்டு மாதம் மூடியிருந்தாலோ, மூலப்பொருள் விலை ஏறியிருந்தாலோ, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். விசாரணை ஒரு வருடம், நீட்டித்தால் 18 மாதம். பிறகு நிதி அமைச்சகம் அறிவித்தால் 5 வருடம் வரை வரி.

யூனியன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாதிப்பை அளக்கும் அம்சங்களில் வேலை எண்ணிக்கையும் ஊதியமும் அடக்கம். நிர்வாகம் நிரந்தரத் தொழிலாளர் கணக்கை மட்டும் கொடுத்தால், முதலில் வெளியேற்றப்பட்ட உங்களைப் போன்றவர்கள் அந்தத் தாளில் இருக்கவே மாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் ஷிஃப்ட் கணக்கையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதே பாலியாலை வாங்கி மெத்தையும் கார் சீட்டும் செய்கிற சிறு யூனிட்டுகளில் இருப்பதும் வேலைதான். வரி போட்டால் அங்கே செலவு ஏறும். அதனால் விசாரணையில் அவர்களும் எதிர்த்து வாதாடுவார்கள்; அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொருளாதாரப் பாடத்தில், ஆள்பலம் அதிகமுள்ள நாடு வர்த்தகத்தைத் திறந்தால் தொழிலாளிக்கு நன்மை என்று படிக்கிறோம். பரீட்சைக்கு அதை எழுதலாமா?
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

எழுதுங்கள், அதோடு ஒரு பத்தி சேருங்கள். நீங்கள் படிக்கிற அந்த வாதத்துக்கு அடிப்படையான ஹெக்சர்–ஓலின் கோட்பாடு, வேலை இழந்தவர் அடுத்த தொழிலுக்குச் சிரமமில்லாமல் மாறிவிடுவார் என்று கொள்கிறது. இந்தியாவில் சராசரி இறக்குமதி வரி 1990-ல் 80 சதவீதத்துக்கு மேல் இருந்து 1996-க்குள் 37 ஆனது. அந்தக் காலத்தை மாவட்டவாரியாக ஆராய்ந்த பொருளாதார வல்லுநர் பெட்டியா டோபலோவா, வரிக் குறைப்பின் தாக்கம் அதிகம் விழுந்த கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்தது என்று 2010-ல் காட்டினார். ஆட்கள் இடம் பெயராததும், தொழிலாளர் சட்டம் இறுக்கமாக இருந்த மாநிலங்களும் காரணங்களாக வந்தன. நாடு முழுவதற்கும் லாபம் என்பதும் ஒரு மாவட்டத்துக்கு நட்டம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். வடசென்னை உதாரணம் வேண்டுமென்றால், இந்தியாவின் முதல் அமைப்பு ரீதியான தொழிற்சங்கம் 1918-ல் உருவாகக் காரணமான பின்னி நெசவாலை 1996-ல் மூடியதை எழுதலாம். ஆனால் அதற்கு இறக்குமதி மட்டுமே காரணம் என்று எழுதினால் மதிப்பெண் குறையும். வேலைநிறுத்தங்கள், கதவடைப்பு, வெள்ளம், விசைத்தறிப் போட்டி எல்லாம் அதில் உண்டு.

பி.காம். முடிக்கப்போகிறேன். கிளியரிங் ஆபீஸ் வேலைக்குப் போனால் எதிர்காலம் உண்டா?
– மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

உண்டு. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மூர் தெரு பக்கம் அலுவலகங்கள் நடக்கும் தூரம்தான். முதலில் எச்-கார்டு (சுங்கத்துறை தரும் தொடக்க நிலை ஊழியர் அட்டை) வாங்கி சி.எஃப்.எஸ்.ஸில் சுங்கப் பரிசோதனைக்குச் சரக்கைக் காட்டுகிற டாக் வேலை கொடுப்பார்கள். சம்பளம் சொற்பம், வெயில் அதிகம். அங்கே இன்வாய்ஸ் எடையும் பேக்கிங் லிஸ்ட் எடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழகுங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். பிறகு தேர்வு எழுதி அதற்கு மேல்நிலை அட்டையான ஜி-கார்டு. பட்டத்தோடு ஜி-கார்டில் 2 வருட அனுபவம் இருந்தால் கஸ்டம்ஸ் புரோக்கர் (சுங்க முகவர்) லைசென்ஸ் தேர்வுக்கே உட்காரலாம்.

தட்டச்சு போடுகிற வேலையைக் கணினி மெல்ல எடுத்துக்கொள்கிறது. பொருளின் வகையைக் குறிக்கும் எட்டு இலக்க எச்.எஸ். எண்ணைச் சரியாகப் பிடிப்பவரையும், எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பொருளுக்கு வரி குறைவு, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் எந்த மூலச் சான்றிதழ் அதற்கு வேண்டும் என்று தெரிந்தவரையும் விடமாட்டார்கள். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதிச் சுங்கப் படிவத்தைப் போடாவிட்டால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000, அதன் பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். வாடிக்கையாளர் முதலில் உங்களிடம்தான் சத்தம் போடுவார். காலை ஏழு மணிக்கு முன் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் கப்பல் வருகையைப் பார்த்துவிடுகிற பழக்கம் இருந்தால் அந்தச் சத்தம் உங்கள் மேஜைக்கு வராது.